அளவெடுக்க வந்தவர்

ஜூன் 9, 1997. திங்கள்.
மழை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மஸ்கட்டிலிருந்து மகன் போன். வீட்டுக்கு இரண்டு காமிரா, ஓர் அலாரம் வைத்தே தீர வேண்டுமாம். கதவை உடைத்தால் அலாரம் ஊளையிடும். அதை விற்கும் திருவனந்தபுரத்துக் கடைக்குத் தானே போனும் செய்யும். அங்கே ஓர் ஆள் இரவும் பகலும் விழித்திருப்பார். பாவம்.

காரணம் உண்டு. போன வாரம் மேற்கு வீட்டுக்காரரின் மண்டையை உடைத்துப் பீரோவைக் காலி செய்தான் ஒரு கள்ளன். எங்கள் சந்தின் இந்த ஓரம் கேரளம், அந்த ஓரம் தமிழ்நாடு. கள்ளன் இங்கே ஏறி அங்கே இறங்கினான். இரண்டு மாநிலப் போலீசும் வழக்கை ஒருவருக்கொருவர் மரியாதையோடு விட்டுக்கொடுத்தார்கள்.

19, வியாழன், எனக்குக் கண் ஆபரேஷன். இரண்டு இரவு திருவனந்தபுரத்தில். பசு கன்று போடும் நிலை, மனைவி சரோஜம் வரமாட்டாள். வீட்டில் தனியே. அதற்குள் அலாரம் வேண்டும்.

11, புதன்.
கடைக்குப் போன் செய்தேன். அளவெடுக்க ஆள் அனுப்புவார்களாம். சாயாக்கடையில் உரக்கச் சொன்னேன்: காமிரா வருகிறது, நான் ஆஸ்பத்திரி போகுமுன் மாட்டிவிடுவார்கள் என்று. கள்ளன் காதில் விழட்டும்.

எதிர்வீட்டு தேவசகாயம்: “அலாரம் எனக்கும் போன் அடிக்குமா சாறே?”
“அடிக்கும். நீரு தமிழ்நாடாச்சே, எஸ்.டி.டி. ஆவும்.”
“அப்பம் வேண்டாம். கூவினா போரும், கேக்கும்.”

14, சனி.
மழை விட்டது. ஆள் வந்தார். முப்பது வயது, தேய்த்த சட்டை, கையில் டேப். கால் கழுவி உள்ளே வந்தார். சரோஜம் அப்போதே வசப்பட்டாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள்.

“ராத்திரி எங்க ஒறங்குவிய அம்மா?”
“கெழக்கு முறியில.”
அந்த அறையின் சன்னலை அளந்தார்.
“பட்டி கடிக்குமா?”
“அது பாவமாக்கும். ஒரு பப்படம் போட்டா வாலாட்டும்.”
“வெளிய போனா தாக்கோலு எங்க வைப்பிய?”

சாவி வைக்கும் இடத்தைச் சரோஜம் சொல்லவில்லை; கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்களை இவ்வளவு விசாரித்ததில்லை.

பிறகு தேவசகாயம் அவரைக் கையோடு கூட்டிப்போனார். சந்து முழுக்கச் சேர்ந்து வாங்கினால் விலை குறையுமாம். சபை ஊழியர் வீடு சந்திப்பதுபோல் வீடு வீடாக ஊர்வலம், வீட்டுக்கு ஒரு சாயா. எல்லோரும் தங்கள் ஆடும் கதவை, அறுந்த கம்பியைக் காட்டினார்கள். யார் வீட்டு ஓட்டை பெரிது என்று போட்டியே நடந்தது.

17, செவ்வாய்.
கடையிலிருந்து போன். “சாறே, க்ஷமிக்கணும். ஆளு சுகமில்லாம லீவிலாக்கும். அடுத்த ஆழ்ச்ச, திங்கக்கிழமைதான் அளவெடுக்க வருவான்.”
“சனிக்கிழமை வந்தவர்?”
“எங்க ஆளு ஒருத்தரும் வரல்லியே.”

சாவியை இடம் மாற்றினேன். தேவசகாயத்திடம் சொன்னேன். “சந்துல ஆருக்கிட்டயும் சொல்லாண்டாம் சாறே. நானாக்கும் கூட்டிட்டுப் போனேன்.” நான் ஊரில் இல்லாத இரண்டு ராத்திரியும் எங்கள் வராந்தாவில் வந்து படுப்பதாகச் சொன்னார். அவர் வீட்டையும்தான் அளந்திருக்கிறான்.

சரோஜம் நம்பவில்லை. “நல்ல பையனாக்கும். காலு கழுவிட்டுத்தானே கேறினான்.”

போலீசுக்குப் போகலாம். எந்த மாநிலம்? கால் கழுவினான், மரச்சீனி தின்றான். எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?

18, புதன்.
வானம் மூடிக்கிடக்கிறது. பசு இன்னும் போடவில்லை. பெட்டி தயார். வேட்டி இரண்டு, துண்டு, சொட்டு மருந்து, டாக்டர் சீட்டு. மத்தியான பஸ்.

சரோஜம் தொழுவத்திலிருந்து வந்தாள். “அடுக்களைக் கதவு இன்னைக்கு கிறீச்சுன்னு சத்தமே போடல்ல. நீங்களா கீலுக்கு எண்ணெ விட்டிய?”

போய்ப் பார்த்தேன். மூன்று கீலிலும் எண்ணெய். புதிது. விரலில் ஒட்டியது.

“ஆமா” என்றேன்.

பெட்டியைத் திறந்து வேட்டிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.