கச்சான் பார்க்கக் கட்டிய துணி

மக்கா,

இன்று சாயங்காலம் நம் கல்லூரி பாஸ்கெட்பால் கோர்ட்டையும் ஆட்டம் பார்க்கிற படிக்கட்டையும் சேர்த்துச் சுற்றிலும் சுவர் அடைத்து, கூரையில் கடைசித் தகரத்தை ஏற்றினார்கள். வேலையாட்களில் ஒருவன் படிக்கட்டுத் தூணில் கட்டியிருந்த துணியொன்றை அவிழ்த்துக் கீழே எறியப் போனான். என்ன நினைத்தானோ, "அண்ணாச்சி, இது யாருது? வேணுமா?" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட உன் கைலியில் கிழித்த துண்டு. உப்புக்காற்றில் கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. நீலம் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் சாம்பல் நிறம். முகர்ந்து பார்த்தேன். துருவும் உப்பும்தான் வாசம் அடித்தன, உன் வாசம் எதுவும் மிச்சம் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கோர்ட்டில் நாம் இருவரும் ஆடியவர்கள். ஆடியவர்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தவர்கள். நீ காயல்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வருவாய், நான் ஆத்தூரிலிருந்து. படிப்பு முடிந்ததும் நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஒட்டிக்கொண்டேன். நீ உங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரையும் போல துபாய்க்குப் போனாய். துணிக்கடையில் கணக்கு வேலை. மேட்ச் நடக்கும் நாளில் போன் போடுவாய். நான் படிக்கட்டில் உட்கார்ந்தபடி போனை கோர்ட் பக்கம் நீட்டிப் பிடிப்பேன். பந்து தரையில் அடிபடும் சத்தத்தை நீ அங்கே கேட்டுக்கொண்டிருப்பாய்.

"என்ன மக்கா இந்த இரைச்சல்? கச்சானா?" என்பாய்.

கச்சான்தான். ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு வருகிற அந்தக் காற்றை, ஏசி அறையில் உட்கார்ந்து போனில் கேட்டுச் சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊருக்கு வந்த அன்றும் நேராகப் படிக்கட்டுக்குத்தான் வந்தாய். மேலிருந்து மூன்றாவது படி, தூணுக்குப் பக்கம். உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாய்: "பொறந்த வீடு தங்கச்சிக்குன்னு கொடுத்தாச்சி. இருக்கது எங்கூரு வழக்கப்படி பொண்டாட்டி வீடு. அங்கன துபாய்ல படுத்த கட்டிலு கம்பெனிக்காரனுக்குள்ளது. எனக்குன்னு உள்ளது இந்தப் படிதாம்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் படிக்கட்டில் எல்லோருக்கும் கோச் மேல் ஒரே காதல். ஏரல் பக்கத்து விவசாயக் குடும்பத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். ஆனால் ஆள் எடுப்பதில் கில்லாடி என்று பெயர். மற்ற கல்லூரிகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நெட்டையாக யார் கிடைப்பார்கள் என்று ஊர் ஊராகத் தேடும்போது, இவர் பெரியதாழை மாதிரி கடற்கரை ஊர்களுக்குப் போவார். கடற்காற்றில் பந்து விளையாடி வளர்ந்த பையன்களாகப் பார்த்துக் கூட்டி வருவார். கச்சான் அடிக்கும் சாயங்காலங்களில் வெளியூர் டீம் எறிகிற பந்தெல்லாம் ரிங்கை விட்டு விலகி ஓடும். நம் பையன்கள் காற்று தள்ளும் அளவுக்கு முன்கூட்டியே ஒதுக்கி எறிவார்கள். காற்றே பந்தை ரிங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். "காத்துதாம்ல நம்ம ஆறாவது ஆளு!" என்று டீக்கடை அண்ணாச்சி கூத்தாடுவார். படிக்கட்டுக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. டீயும் அவருடையது, தீர்ப்பும் அவருடையது.

பிறகு ஒருநாள் நீயும் நானும் மதுரைப் பக்கம் ஓர் உள்ளரங்கத்தில் நடந்த டோர்னமென்டுக்கு டீமோடு போனோம். சுற்றிலும் சுவர், மேலே கூரை, காற்று என்ற பேச்சே இல்லை. நம் பையன்கள் எறிய ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பந்தும் ரிங்குக்கு ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளிப் போய் விழுந்தது. கேப்டன், பெரியதாழைப் பையன், ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன், அவன் பந்தும் அப்படியே. முதலில் நீ சிரித்தாய். அப்புறம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இல்லாத காத்துக்கு எறியுதானுவ மக்கா," என்றாய்.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் அதைச் சொன்னாய். கோச் ஆள் எடுப்பதும் தப்பு, ஆட வைப்பதும் தப்பு, காற்றை நம்பி டீம் கட்டுவது குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது போலத்தான், வீட்டில் புலி வெளியில் எலி என்று ஒரு பிடி பிடித்தாய். கோச்சும் அங்கேதான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இத்தன வருசமா நீரு எங்கன இருந்தீரு? ப்ராக்டீஸ் பாக்காதவன் மேட்சப் பத்திப் பேசக்கூடாது. அது இந்தப் படிக்கட்டுச் சட்டம்வே. துபாய்ல இருந்துட்டு வந்து இங்கன நாட்டாமை பண்ணாதீரும்."

நான் சண்டைக்கு எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். உன் முகத்தை அன்று பார்த்தது போல அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. துபாயில் மேனேஜர் திட்டியதை எல்லாம் போனில் கதையாகச் சொல்லிச் சிரித்தவன் நீ. உன்னுடையது என்று நீ எண்ணிக்கொண்டிருந்த அந்த ஒரே இடத்தில், உனக்குப் பேச்சுரிமை இல்லை என்றார்கள். அதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை.

கோச் மட்டும் உனக்குப் பதில் சொன்னார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பேசினார். "நீங்க சொல்லுதது எனக்கும் தெரியும் சார். வெளிய தோத்தா நிர்வாகத்துல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவுங்க முன்னால இங்க தோத்தா, அடுத்த வருசம் கோட்டாவுல சீட்ட வெட்டிருவாங்க. இந்தப் பையனுவ திரும்ப மீன்பிடிக்க வள்ளத்துக்குத்தான் போணும்."

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். காயல்பட்டினம் பஸ் வந்து நின்ற பிறகு சொன்னாய்: "அந்த மனுசன் சொல்லுததும் நெசந்தாம்ல. ஆனா இந்தப் பையனுவளும் படிச்சி முடிச்சா வெளியதான போணும்? நானும் அங்கன போயி எத்தனையோ வருசம் இல்லாத காத்துக்குத்தாம்ல எறிஞ்சேன்." நீ ஏறியதும் பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாளிலிருந்து தினமும் வந்தாய். ப்ராக்டீஸ் பார்த்தவன்தான் பேசலாம் என்றால், பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்ற வீம்பு. உன் வீம்பு எனக்குத் தெரியாதா! சில நாள் கழித்து கோச்சே உன்னிடம் வந்தார். காற்று எழும்புவதற்கு முன், விடிகாலையில் இன்னொரு ப்ராக்டீஸ் வைக்கலாமா என்று கேட்டார். சாயங்காலம் காற்றுக்கு, காலையில் காற்றில்லாமல். நீ அன்றைக்கே உன் பழைய கைலியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்து தூணில் கட்டினாய். துணி அசையாமல் தொங்கினால் பையன்கள் எறியலாம். அசைய ஆரம்பித்தால் ப்ராக்டீஸ் முடிந்தது. விசில் கோச் கையில் இருந்தாலும் பையன்கள் துணியைத்தான் பார்த்தார்கள். முதல் பஸ்ஸில் வந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீ அந்தத் துணிக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பாய்.

ஆனால் அந்த ஆடியில் சொந்த ஊரிலேயே ஒரு மேட்ச் தோற்றோம். பையன்களுக்குக் கை குழம்பிவிட்டது. ஒருவன் காற்றுக்கு எறிகிறான், ஒருவன் நேராக எறிகிறான், இரண்டும் உள்ளே விழவில்லை. நிர்வாகத்து ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். படிக்கட்டில் யாரும் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உன்னைச் சுற்றி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி உனக்கு டீயைக் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நீ அதை ஆறவிட்டுக் குடித்தாய். பிறகு என்னிடம், "சீட்ட வெட்டிருவானுவளோ மக்கா?" என்று கேட்டாய். உன்னைப் பற்றி நீ கவலைப்படவே இல்லை. அந்தப் பையன்களின் படிப்பில் நீ கை வைத்துவிட்டாயோ என்ற பயம் உன்னைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தப் பயத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். நெஞ்சுவலி என்று சேர்த்திருந்தார்கள். நான் வந்தபோது உன் மனைவி வராந்தாவில் நின்று அழுகையை அடக்கிக்கொண்டு, அண்ணனைக் கூப்பிடும் உங்கள் ஊர் வழக்கப்படி, "காக்கா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா, துணி ஆடுதான்னு கேக்குறாங்க. என்ன துணின்னு எனக்கு ஒண்ணும் விளங்கல," என்றாள். உள்ளே போனேன். என்னையும் அதைத்தான் கேட்டாய். "ஆடலை, பையனுவ நல்லா எறியுதானுவ," என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

உன் உடலை, உங்கள் வழக்கில் மையத்தை, அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனபோது கோச் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பையன்கள் எல்லோரும் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். பெரியதாழைப் பையனும் குனிந்து பிடி மண் அள்ளிப் போட்டான். டீக்கடை அண்ணாச்சி அன்று கடை திறக்கவில்லை. பள்ளிவாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அடக்கம் முடிகிறவரை நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் அதே உள்ளரங்கத்தில் மறுபடியும் டோர்னமென்ட். நான் தனியாகப் போனேன். பெரியதாழைப் பையன் முதல் பந்தை எடுத்தான். நிமிர்ந்து சுவர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்; அங்கே ஏது துணி. எறிந்தான். பந்து நேராகப் போய் வளையத்தின் நடுவில் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது மக்கா. பக்கத்தில் இருந்தவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். அந்த மேட்சை நாம் ஜெயிக்கவில்லை, கடைசி நிமிடத்தில் கோட்டைவிட்டோம். ஆனால் கடைசி நிமிடம் வரைக்கும் வெளியூரில் தாக்குப்பிடித்தது அதுதான் முதல் தடவை. முடிந்ததும் கோச் வந்து என் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். "நேராப் போச்சு, பாத்தீங்களா சார்?" என்றார். என்னிடம் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

சீட்டை வெட்டவில்லை. அதை உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது, அதனால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்: சீட்டை வெட்டவில்லை. வெளியூரில் ஆடியதைப் பார்த்த யாரோ நிர்வாகத்திடம் நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடமும் கடற்கரைப் பையன்கள் வந்திருக்கிறார்கள். கூரையும் வந்துவிட்டது.

இன்று நான் துணியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, லீவில் வந்த ஒரு துபாய்க்காரத் தம்பி படிக்கட்டில் ஏறினான். ஏறினவன் சும்மா இருந்தானா? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிஃபென்ஸ் சரியில்லை, ஆள் எடுத்தது சரியில்லை என்று ஆரம்பித்தான். கீழ்ப்படியிலிருந்து ஒருவன் திரும்பி, "ஏலே, நீ இவ்வளவு நாளு எங்கன இருந்தே?" என்று கேட்டான்.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி டீத்தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கேள்விய இனி ஒருத்தனும் இந்தப் படியில கேக்கப்பிடாது," என்றார். தம்பியின் கையில் கிளாஸைக் கொடுத்து, தூணுக்குப் பக்கம் காலியாகக் கிடந்த உன் இடத்தைக் காட்டினார். "அங்கன உக்காருப்பா. அது வெளிய இருந்து வாரவங்களுக்குள்ள எடம். உக்காந்து நல்லாப் பேசு."

அவன் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் யாராவது பேச வந்தால், இவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்ப்பதில்லை, என்ன சொல்கிறான் என்று கேட்கிறேன். ஆபீஸில்கூட அப்படித்தான். மற்றபடி, மேட்ச் நாளில் போனைக் கையில் எடுத்துவிட்டு, யாருக்குப் போட என்று தெரியாமல் வைத்துவிடுகிறேன். அது போகாது போலிருக்கிறது.

துணியை வீட்டுக்குக் கொண்டுவர மனம் வரவில்லை. வேலையாட்கள் இறங்கிய பிறகு, அந்தத் தம்பியைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பழைய தூணிலேயே கட்டினேன். "கூரைக்குள்ள காத்து ஏது காக்கா?" என்று கேட்டான். வெளியே கச்சான் தகரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே உன் துணி அசையாமல் தொங்கியது. பையன்கள் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு எறிய ஆரம்பித்தார்கள்.