திடீர் மரியாதை

5 பிப்ரவரி, வியாழன்
இவருக்கு நூற்றிரண்டு காய்ச்சல், இருமல் வேறு. சோதித்ததில் ஃப்ளூ. எழுபத்துமூன்று வயது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். கிளம்பும்போதும் திட்டு: "ஏய், பைக்குள்ள என்னத்தடி அடைச்சிருக்க? அங்க குடித்தனமா பண்ணப் போறோம்?"
தைத்து முடித்து, பொத்தானுக்குக் காஜா மட்டும் எடுக்க வேண்டிய பள்ளிச் சீருடை பதினொன்று, தையல் மெஷின் மேலேயே கிடக்கிறது.

9, திங்கள்
காய்ச்சல் விட்டது. கஞ்சி கொடுத்தேன். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? நீங்க உக்காருங்க" என்றார். சிரித்துவிட்டேன். நாற்பத்துநான்கு வருஷமாகக் கிடைக்காத மரியாதை!

10, செவ்வாய்
இன்றும் "வாங்க", "நீங்க". சட்டையில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருந்தார். சரிசெய்யப் போனால் கூச்சப்பட்டு விலகுகிறார்.

சின்ன டாக்டர் வந்து பெயர், தேதி, இது எந்த இடம் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில். நாளைக்கு வீட்டுக்குப் போகலாமாம்.
"இவர் என்னை நீங்கன்னு கூப்பிடறாரு டாக்டர்."
"நல்லதுதானேம்மா!"
நல்லதா? சொந்த மாமியார்கிட்டயே எகிறின மனுஷன் இவரு! இதை எந்த வாயால புரியவைப்பேன்?

11, புதன்
மூத்த நர்ஸம்மாவிடம் சொல்லி அழுதேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பா எங்கம்மாவ நீங்கன்னு சொன்னா நானும் பதறிடுவேன்" என்றார். நேரே வந்து என்னைக் காட்டி இவரிடம் கேட்டார்: "ஐயா, இவங்க யாரு?"
"பக்கத்து பெட்டுக்காரரோட சம்சாரம். ரொம்ப நல்ல மாதிரி."
வீட்டுக்குப் போவது நின்றது.

12, வியாழன்
நரம்பு டாக்டர் பார்த்தார். ஸ்கேன், முதுகுத்தண்டில் நீர் எடுத்தல். மூளையில் வீக்கம். வயதானவர்களுக்கு ஃப்ளூ விட்ட பிறகும் இப்படி வருவதுண்டாம். ஊசி ஆரம்பித்துவிட்டார்கள்.
"பழையபடி ஆயிடுவாரா?"
"பாக்கலாம்மா."
பாக்கலாம்னா என்ன அர்த்தம்?

15, ஞாயிறு
நீங்க.

17, செவ்வாய்
நீங்க. ஆனால் பொத்தான் சரியாகப் போட்டிருந்தார்.

20, வெள்ளி
சும்மா இருக்க முடியாமல் சீருடைகளை இங்கேயே கொண்டுவந்து கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி கீழே விழுந்தது. கட்டிலடியில் துழாவினேன்.
"ஏய், கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தேடேண்டி! கையில குத்திக்கப் போற."
அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா ஓடிவந்தார்.
"ஏம்மா அழறீங்க?"
"திட்டிட்டாரு" என்றேன்.