பாட்டிலில் இருந்த இரண்டாவது மிளகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், உன் சளி போயிற்றா என்று தெரியாததால் முழுச் சுகம் என்று எழுதவில்லை. உன் லேபிலிருந்து வந்த ரிப்போர்ட்டைப் பிரித்தபோது கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, நான், உன் சித்தப்பா, மாடிவீட்டு ஆடிட்டர், அவர் மனைவி, ஆக ஐந்து பேர். நம் பின்சுவர்க் கொடியின் மிளகுக்கு ஈடே கிடையாது என்று மெஷினே சொல்லப்போகிறது, வந்து கேளுங்கள் என்று அப்பாதான் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார். நீயானால் நம் அடுப்படிப் பாட்டிலிலிருந்து அப்பா அனுப்பிய மிளகு இரண்டு ரகம், இரண்டு வெவ்வேறு நாட்டில் விளைந்தது, கூட அனுப்பிய நம் வீட்டு மண்ணுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு வந்ததே கோபம். மெஷினுக்கு மூக்கு இருக்கா நாக்கு இருக்கா, அதுக்கென்ன தெரியும் மிளகைப் பத்தி என்று குதித்தார். வேர் பூமிக்கடியிலயே ஓடி வெளிநாட்டுல தண்ணி குடிச்சிருக்கும்ணா என்றார் சித்தப்பா. அதுக்கு பாஸ்போர்ட் வேணுமே என்றார் ஆடிட்டர், சிரிக்காமல். அன்று முதல் கொடிக்கு லாரித் தண்ணீர் கிடையாது, வேற ஊர் தண்ணி குடிச்சுத்தான் அதுக்கு புத்தி மாறிப்போச்சாம். வாளியை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறார்.

உன்னிடம் மறைப்பானேன், அந்தக் கொடி காய்ப்பதை நிறுத்தி ஒன்பது வருஷம். அவர் மனசு நோகக் கூடாதென்று பாட்டில் குறையும்போதெல்லாம் கடை மிளகை நிரப்பியது நான்தான். தேதியோடு நோட்டில் இருக்கிறது, ஆண்டவனிடமும் அன்றன்றே சொல்லிவிட்டேன். ஆனால் நான் வாங்கியது ஒரே கடை, ஒரே நாட்டுச் சரக்கு, மூட்டையிலேயே அச்சடித்திருக்கும். அப்புறம் இரண்டாவது நாடு எப்படி வந்தது? மூன்று நாள் நோட்டைப் புரட்டியும் கணக்கு உதைத்தது. நேற்றுத் துணி துவைக்கும்போது அப்பாவின் சட்டைப்பையில் ஏழு மிளகும் அவர் ஆபீஸ் எதிர்க்கடைப் பொட்டலக் காகிதமும் இருந்தன. அவரைச் சந்தோஷப்படுத்த நான் தினமும் நம்ம கொடி வாசனையே தனி என்று புகழ, பாவம் இவள் நம்புகிறாளே என்று அவரும் நிரப்பியிருக்கிறார். அன்று அத்தனை பேரைக் கூட்டியதும் எனக்காகத்தானா, நிரப்பி நிரப்பி அவரே நம்பிவிட்டாரா, தெரியவில்லை. சில மாதம் பாட்டில் குறையாததை ஆண்டவன் கருணை என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், அதை இப்போது அடிக்க மனசு வரவில்லை.

நீ கொடியிலிருந்தே பறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். பறிக்க அதில் ஒரு மிளகுமணிகூடக் கிடையாது. நாளைக்குப் பறிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் எதிர்க்கடைக்குத்தான் போவார், அது போதாதோ என்று நானும் என் கடைக்கு ஓடவேண்டும், இந்த வயதில் என்னால் முடியாது. பொய் எழுதச் சொல்லமாட்டேன். இரண்டாவது சோதனை தேவையில்லை என்று மட்டும் அப்பாவுக்கு எழுது. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஆண்டவன் உனக்குக் குறைவில்லாமல் கொடுக்கட்டும், நம் பாட்டிலுக்குக் கொடுத்ததுபோல.

இப்படிக்கு,
உன் அம்மா

அவர் கடைக்குக் கிளம்புவதற்குள் பதில் போடு.