காசியம்மாள் கொடுத்த தேன்

என்னங்க,

ஜீப் வந்துவிட்டது. இன்றும் கல்வராயன் மலையில்தான் ஊசி போடுகிறோம். தூங்குகிற உங்களை எழுப்ப மனம் வரவில்லை.

கோழிக் குழம்பு நேற்றையது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். மோந்து பார்த்து நம்பாதீர்கள். கொரோனா வந்துபோய் நாலு மாதமாகியும் உங்கள் மூக்குக்கு வாசனை திரும்பவில்லை. அடுப்பை அணைத்ததும் சிலிண்டரையும் மூடிவிடுங்கள். கடைக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

நேற்று, "எனக்குத்தான் வந்து போயிடுச்சே, ஒடம்புல சக்தி ஜாஸ்தியா இருக்குது, ஊசி இன்னாத்துக்கு?" என்றீர்கள். பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. பத்து நாள் மூச்சுக்குத் தவித்தவர் நீங்கள். உடம்பும் உங்களுடையது.

ஆனால் ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். போன வாரம் மலையில் ஒருவரும் ஊசிக்குக் கை நீட்டவில்லை. காசியம்மாள் என்று ஒரு அம்மா, "நர்ஸு சொல்றது இருக்கட்டும், உன் வூட்டுக்காரரு போட்டுக்கினாரா?" என்று கேட்டார். போட்டுக்கொண்டார் என்று சொல்லிவிட்டேன். உடனே அவர்தான் முதலில் கை நீட்டினார். பின்னால் பதினாலு பேர் வந்தார்கள்.

இன்று அதே ஊர். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். உங்கள்மேல் உள்ள கோபத்தால் அல்ல.

ஷிரின்

எழுத மறந்தது: அலமாரியில் ஒரு தேன் பாட்டில் இருக்கிறது. "ஊசி போட்டா அசதியா இருக்கும், அவருக்குக் குடும்மா" என்று காசியம்மாள் உங்களுக்காகக் கொடுத்தது. வாங்காமல் இருக்க முடியவில்லை. நான் தொடவில்லை. எப்போது திறப்பது என்பது உங்கள் இஷ்டம்.