யானைக்குக் கிடைத்த ஏச்சு

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை, அஸர் தொழுத பிறகு.

அன்பு மகள் றிப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பேரன் அக்ரமும் அல்லாஹ்வின் காவலில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே உன் தங்கச்சி றுஸ்தா சுகம், அவளுடைய மாப்பிள்ளை காலிதீன் சுகம், நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் உம்மா ஏன் தாளும் பேனையும் எடுத்தா என்று நீ யோசிப்பாய். வேறு வழி இல்லை மகள். உன் வாப்பா மௌத்தானதிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் முடியும் வரை வீட்டை விட்டு அசைய ஏலாது. எனக்குத் துணைக்கென்று பாலமுனையிலிருந்து வந்திருக்கும், வாப்பாவோடு கூடப்பிறந்த உன் மாமி என்னை விட்டு அசைகிறாரில்லை. நீ கோல் எடுத்தால் என் காதுக்கு முன்னால் அவருடைய காது வந்து நிற்கிறது. போன கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் வைத்தது அதனால்தான், கோபத்தில் இல்லை. சரி, கோபமும்தான். வாப்பாட நாப்பதாம் நாள் கத்தத்தில சத்தமாச் சிரிச்சீங்களாமே உம்மா, கட்டார் வரைக்கும் கதை வந்திட்டு என்று நீ கேட்டாயே, உன் வாப்பாவுக்காக என்னிடம் வழக்குக் கேட்கிற குரல் அது. பக்கத்து வளவு றுமைஸ் லீவு முடிந்து திங்கட்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஓம், சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்பதை முழுதாக வாசித்துவிட்டுப் பிறகு என்னை ஏசு.

உன் வாப்பா மௌத்தான நாளிலிருந்து இந்த வீட்டுக்கு அழ வருகிறவர்களைவிடச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆண்கள் விறாந்தையில் இருந்து கதைப்பார்கள், நான் யன்னல் சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பேன். கொஞ்ச நேரம் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள், பிறகு யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதியுதீன் காக்கா ஒருநாள் என்ன செஞ்சார் தெரியுமா என்று தொடங்குவார். மீன் சந்தையில் நாறிப்போன பாரை மீன் ஒன்றின் வாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இதுக்குக் கத்தமும் ஓதி முடிஞ்சிட்டாம், இனி என்னத்துக்கு விக்கிறாய் என்று கடைக்காரனிடம் கேட்டாராம். சலூனில் போய் இருந்துகொண்டு, அந்த மொட்டைத் தலையைத் தடவி, நடு உச்சி பிரிச்சு விடு தம்பி என்றாராம். அவர் அடக்கமான மையவாடிக்கு நேரே இருக்கிற தேத்தண்ணிக் கடைக்காரரிடம்கூட ஒரு கதை இருக்கிறது. எல்லாரிடமும் இருக்கிறது. என்னிடம்தான் இல்லை. அந்த மீன் சந்தைக் கூத்து நடந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். அன்று மீன் பையை என் முன்னால் வைத்துவிட்டு, தலை இடிக்குது, பனடோல் இருக்கா என்று கேட்டார், தின்றார், படுத்துவிட்டார். ஊருக்குச் சிரிப்பு, எனக்குக் குறட்டை. இதில், வருகிற பொம்பிளைகள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ குடுத்து வச்சவகா சரீபா, ஒவ்வொரு நாளும் சிரிச்சிச் சிரிச்சே வாழ்ந்திருப்பாய் என்கிறார்கள். நான் ஓம் ஓம் என்று தலையை ஆட்டுகிறேன். வயிறு எரிகிறது மகள். மறைக்காமல் சொல்கிறேன், மனிதன் போன கவலை ஒரு பக்கம் என்றால் இந்த எரிச்சல் மறுபக்கம். எனக்குத் தெரியாத ஒரு பதியுதீனை ஊரே பங்கு போட்டு வைத்திருக்கிறது.

உன் மாமி சும்மா இருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. சின்ன வயதில் மதரஸா லெப்பையின் செருப்பை உன் வாப்பா ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்ட கதையை ஒவ்வொரு நாளும் சொல்கிறார், சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், இது உனக்குக் கிடைக்கவில்லையே என்பது போல. நான் எதிர்த்துச் சொல்ல என்ன வைத்திருக்கிறேன்? உன் வாப்பா மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வருமுன்பே அவரில் பாதியைப் பாலமுனையில் சிரித்து முடித்துவிட்டார்கள். மீதியைச் சாகாமத்து வயல் எடுத்துக்கொண்டது. எனக்குச் சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் அது சாகாமம்தான். வேளாண்மை கதிராகிக் காவலுக்குப் போகிற காலம் வந்துவிட்டால் அந்த மனிதனுக்கு ஒரு துள்ளல் வரும், நீயும் பார்த்திருக்கிறாய். தாடியை ஒதுக்கி, சட்டையை மினுக்கி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு புறப்படுவார். சேற்றுக்குப் போகிற மனிதன் அத்தர் பூசிக்கொண்டு போவானா? இவர் போவார். வயல் வாடியில் கூட்டாளிமாரோடு கிழமைக் கணக்கில் கிடந்துவிட்டு வரும்போது முழங்கால் வரை சேறு, வாய்க்குப் பூட்டு. நான் வாசல் கடப்படியில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று, காலக் கழுவாம ஏறாதீங்க, ஏறினா இண்டைக்குச் சோறு இல்ல என்று ஏசுவேன். அவர் ஒரு சொல் பேசாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கழுவிக்கொண்டு ஏறுவார். நாங்கள் கலியாணம் முடித்த காலத்திலிருந்து நான் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் அவர் சிரித்ததில்லை, முகத்தைக்கூடச் சுளித்ததில்லை. இந்த ஏச்சு மனிதனின் காதில் விழுகிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

இனிக் கத்தத்தன்று நடந்ததைக் கேள். நாற்பதாம் கத்தம் ஓதி முடிந்து ஆண்கள் விறாந்தையில் சோற்றுச் சஹனைச் சுற்றி இருந்தார்கள். பாண்டிருப்பு அருளம்பலம் அண்ணனும் வந்திருந்தார். உனக்குத் தெரியும், கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு உன் வாப்பாவோடு சாகாமத்துக்குக் காவலுக்குப் போகிறவர், கூட்டாளிமாரில் மூத்தவர். ஓதுகிற நேரம் வாசலில் பேசாமல் நின்றுவிட்டுச் சாப்பாட்டுக்குத்தான் உள்ளே வந்தார். கத்தத்தன்று என்னைப் பின் அறைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். நான் அவருக்கு நேர் பின்னால், சீலைக்கு இந்தப் பக்கம், றுஸ்தாவோடும் மாமியோடும் இருக்கிறேன். யாரோ யானைப் பேச்சை எடுத்தார்கள், இந்த முறை தங்கள் கதிரை மிதித்துவிட்டது என்று. அதற்கு அருளம்பலம் அண்ணன் சொன்னார், போன வருசம் ஒரு கொம்பன் வந்த நேரம் பதியுதீன்தான் வயலக் காப்பாத்தினான் என்று. எல்லாரும் பரணில் ஏறிவிட்டார்களாம், உன் வாப்பா மட்டும் கீழே அகப்பட்டுக்கொண்டாராம். ஓடவும் வழி இல்லை, ஏறவும் நேரம் இல்லை. என்ன செய்தாராம் தெரியுமா? தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் முக்காடு போட்டாராம். ஒரு கையை இடுப்பில் வைத்தாராம். பொம்பிளைக் குரலில் தொடங்கினாராம். இஞ்சாருங்க, இந்த நேரத்தில எங்க போய்ட்டு வாறீங்க, காலப் பாருங்க, சேறு, காலக் கழுவாம ஏறாதீங்க, ஏறினா இண்டைக்குச் சோறு இல்ல, சொல்லிப்போட்டன்! யானை அப்படியே நின்றதாம். காதை இரண்டு தரம் அடித்ததாம். பிறகு திரும்பிக் குளத்தடிக்குப் போய்விட்டதாம். கால் கழுவத்தான் போயிருக்கும் என்றார் அருளம்பலம் அண்ணன்.

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. அது யாருடைய குரல் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். உன் வாப்பாவின் குரலை அருளம்பலம் அண்ணன் அப்படியே எடுத்தார், அந்தக் குரலுக்குள்ளே இருந்தது என் குரல். இழுக்கிற இடத்தில் இழுத்து, கடிக்கிற இடத்தில் கடித்து, சொல்லிப்போட்டன் என்பதில் என் மூக்குச் சத்தம் வரைக்கும். யாரோ தணிந்த குரலில், சரீபா ராத்தா உள்ளுக்கு இரிக்கா என்று சொன்னார்கள். ஒரேயடியாக எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அந்த அடக்கத்தில்தான் நான் சிரித்தேன் மகள். யானை கால் கழுவப் போகிறதை நினைத்தேன், அடக்க முடியவில்லை. றுஸ்தா என் வாயைப் பொத்தினாள், அவள் கையைத் தள்ளிவிட்டுச் சிரித்தேன். உன் மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு, யா அல்லாஹ், இத்தாவில இரிக்கிறவ சிரிக்கிறாளே என்று கத்தினார். என் சிரிப்பு பாதி வீட்டுக்குக் கேட்டது, மாமியின் சத்தம்தான் தெருவுக்குக் கேட்டது. இப்போது நான் கைதட்டிப் பாட்டுப் படித்தேன் என்றும் ஊரில் ஒரு கதை ஓடுகிறதாம். ஓடட்டும். அன்று நான் அழவில்லை, சிரித்தேன், அவ்வளவுதான். அழுகை எனக்கு இருக்கிறது, அதை நான் ஆட்களுக்கு முன்னால் வைப்பதில்லை.

அருளம்பலம் அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவிக்கொண்டு போனவர்தான், இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று காலிதீன் சொன்னார். இத்தாவில் இருக்கிற நான் அவரோடு கதைக்க ஏலாது. நீ ஒருக்கால் அவருக்குக் கோல் எடு. உம்மாவுக்குக் கோபம் இல்லை, இத்தா முடிந்ததும் வல்லியம்மை அக்காவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரச் சொன்னா என்று சொல்லு. அவருடைய பெண்சாதி நல்ல மனுசி, அவவுக்கும் இந்தக் கதை தெரியாமல் இருக்காது. வந்தால் அந்த யானைக் கதையை இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்றும் சொல்லு. ஆனால் உண்மையைச் சொன்னால் அவர் மேலும் எனக்குப் பொறாமைதான். அவர் பரணில் இருந்து பார்த்திருக்கிறார். அந்த யானை மேலும் பொறாமை, அது நேருக்கு நேர் நின்று பார்த்திருக்கிறது. என் குரலை வைத்து உன் வாப்பா போட்ட கூத்தை ஒரு காட்டு மிருகம் முழுதாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் செய்து காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஏசியிருப்பேன், அது உண்மை. வயசுக்கேத்த கதையா இது என்று நன்றாக ஏசியிருப்பேன். அந்த ஏச்சையும் பொத்திக்கொண்டு சாகாமத்துக்குத்தான் போயிருப்பார். கடப்படியில் அவர் பேசாமல் கால் கழுவியது பயத்தில் இல்லை மகள். ஒரு சொல் தவறாமல் பாடமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன், நீ தப்பிவிட்டேன் என்று நினைக்காதே. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வந்து உன் வாப்பா உன்னோடு போனில் கதைப்பாரே, அந்தச் சிரிப்பு குசினிக்குக் கேட்கும். என்ன கதை என்று கேட்டுக்கொண்டு நான் வந்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வீர்கள், அவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஒண்டுமில்ல, புள்ள ஆணம் காச்சிறத கேக்கா என்பார். ஆணம் காய்ச்சுகிறதில் என்ன சிரிப்பு? மகளும் வாப்பாவும் ஒரு கட்சி, நான் வெளியே என்று நினைத்து எத்தனை வெள்ளிக்கிழமை பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவியிருக்கிறேன். கத்தத்துக்கு அடுத்த நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. றுஸ்தாவைக் கூப்பிட்டு, வாப்பா றிப்னா ராத்தாவுக்கும் என்னைப் போல கதைச்சுக் காட்டுவாரா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு வீட்டுக் கோடிப் பக்கம் போய்விட்டாள். கொஞ்சம் கழித்து வந்து, வட்ஸ்அப்பில வாப்பா போட்ட வாய்ஸ் எல்லாம் ராத்தாட போன்ல இரிக்கி உம்மா, அவ ஒண்டையும் அழிக்கல்ல என்றாள்.

அக்ரமை ஏசுகிற நேரம் தமிழில் ஏசு, இங்கிலீசில் ஏசினால் பிள்ளைக்கு உறைக்காது. குளிர் அறையிலிருந்து வெயிலுக்கு உடனே இறங்காதே, உனக்குத் தடிமன் பிடிக்கும். மருமகனுக்கு என் ஸலாம் சொல்லு. சாகாமத்து வேளாண்மையைக் காலிதீன் போய்ப் பார்க்கிறார், கதிர் நன்றாக விழுந்திருக்கிறதாம், அவர் அத்தர் பூசாமல்தான் போகிறார். வாப்பாவுக்காக யாசீன் ஓத மறக்காதே. அல்லாஹ் உன் வீட்டில் சோற்றையும் சிரிப்பையும் குறைக்காமல் வைக்கட்டும், ஆமீன்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கடிதம் கிடைத்த அன்றே அந்த வாய்ஸ்களை றுஸ்தாவின் போனுக்கு அனுப்பு. நல்லது கெட்டது என்று பிரிக்காதே, எனக்கு நோகும் என்று எதையும் ஒளிக்காதே, எல்லாம் வேண்டும். மாமி தொழுகிற நேரம் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கேட்பேன், சிரிப்பு வெளியே கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். நீ கேட்டிருக்கிறாய், உன் தங்கச்சி கேட்டிருக்கிறாள், சாகாமத்து யானையும் கேட்டிருக்கிறது. நான்தான் இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் வாப்பாவின் பெண்சாதி,
உம்மா சரீபா.