அண்ணியை அனுப்பாதே

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை பெர்னிஸ் எழுதுகிறேன். இங்கே அம்மா, நான், என் முழங்கால் வலி மூவரும் சுகம். பெர்த்தில் நீயும் ஷாமினி அண்ணியும் நன்றாக இருக்க அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறார். டிவியில் நாடகம் தொடங்கும் நேரம் வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறார்.

எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் "ஓகே, ஓகே" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் காணாமல் போகிறாய். இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. அண்ணியின் தம்பி நாளை அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மா சுட்ட முறுக்கும் வருகிறது. ஏர்போர்ட்டில் மறைக்காமல் சொல்லிவிடும்படி அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா கிள்ளானில் மாதா கோயிலுக்குப் போய்வருகிறவர்களிடம் என் கவுன்சலிங் வேலையைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். "மத்தவங்க பேசுறத உக்காந்து கேக்குறதுதான் இவ வேலை. நான் பஸ் ஸ்டாப்புல சும்மா செய்யிறத இவ படிச்சிட்டு செய்யிறா லா" என்கிறாராம். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. என் அறை இன்னும் அதே புடவைக் கடைக்கு மேலேதான். அதுவும் ஒரு வசதி. என்னிடம் பேச வருகிறவர்கள், படியேறும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால், ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தேன் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் அண்ணி கூப்பிட்டார். உன் ரயில் கம்பெனி உனக்கு ஒரு தெரபிஸ்டைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறதாம், வரும் வியாழக்கிழமை. "அங்க போனா என்ன பண்ணுவாங்கன்னு அவர் கேக்கச் சொன்னாரு. நீ எங்கிட்ட சொல்லு பெர்னிஸ், நான் அவர்கிட்ட சொல்லிடுறேன்" என்றார். முடிந்தால் உனக்குப் பதிலாகத் தானே போய்க் கேட்டு வரட்டுமா என்றும் ஒரு கேள்வி. நான் சிரித்துவிட்டேன். பாவம், அண்ணி பயந்துபோனார்.

ஏன் சிரித்தேன் என்றால், இந்த வேலையில் என் முதல் வருடத்தில், காப்பார் ஊரிலிருந்து ஒரு ஆன்டி அப்படித்தான் வந்தார். "மகன் வரமாட்டேங்கிறான் டாக்டர். சொல்ல வேண்டியத எங்கிட்ட சொல்லிடுங்க, நான் போய் அவனுக்குச் சொல்லிடுறேன். மருந்து இருந்தா அதையும் குடுத்துடுங்க" என்றார். அரசாங்க கிளினிக்கில் அப்பாவின் பிரஷர் மாத்திரையை நீயும் நானும் மாறிமாறி வாங்கி வரவில்லையா? அந்தப் பழக்கம்தான். நான் டாக்டர் இல்லை, மருந்தும் கிடையாது என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகனைப் பற்றித் தொடங்கி, மெல்ல மெல்ல முழுக்கத் தன்னைப் பற்றியே பேசினார். பிறகு தனக்காகவே வர ஆரம்பித்தார். மகன் கதை அவனுடையது, அதை எழுத மாட்டேன். ஆன்டியிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என் பேரையும் போடுங்க மா" என்றார். ஆனாலும் போடவில்லை.

அதனால் சொல்கிறேன், அண்ணியை அனுப்பாதே. அவருக்கும் பேச நிறைய இருக்கும், அதற்கு அவரே தனியாகப் போகட்டும்.

"தெரபிஸ்ட் எதுக்கு, நீயே எங்கிட்ட பேசக் கூடாதா" என்று நீ கேட்பாய். முடியாது. நீ அழுதால் நானும் அழுவேன். அடுத்த அரை மணி நேரத்தில் அம்மாவுக்கும் சொல்லிவிடுவேன். அதற்குத்தான் சம்பந்தமில்லாத ஓர் ஆள் வேண்டும்.

அங்கே போனதும் படுக்கச் சொல்ல மாட்டார்கள். சாதாரண நாற்காலிதான். யார் யார் வீட்டில், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டி அந்த மனிதர் மோட்டார் சைக்கிளோடு உன் எஞ்சின் முன்னால் வந்ததை முதல் நாளே சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உனக்கு வரும்போது சொல். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உன் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்ததையே அவர்களும் திரும்பச் சொல்ல மாட்டார்கள், அது உன் நெஞ்சுக்குள் இறங்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நீ பேசியதைக் கம்பெனிக்குச் சொல்வார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடு, ஒளிக்காமல் சொல்வார்கள். திடீரென்று தமிழில்தான் வருகிறது என்றால் தமிழிலேயே சொல்லிவிடு, பிறகு ஆங்கிலத்தில் விளக்கிக்கொள்ளலாம். அந்த ஆள் உனக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளைக் கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முடிந்ததும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், அன்றைக்கு வேலைக்குப் போகாதே.

நடந்ததை மறக்க வைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதே. மறக்காது. ஆனால் அது நினைவுக்கு வரும் நாளிலும் நீ தேநீரை ஆறவிடாமல் குடிப்பாய். அதை நான் இந்த அறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் ஏன் வங்கி வேலையை விட்டு இதற்கு வந்தேன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீ பினாங்கில் விடுதியில் இருந்த சமயம், ஒருநாள் அப்பா எஞ்சின் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, தேநீர் குடித்து, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் கரோலுக்கு மட்டும் பாட வரவில்லை. தொண்டை சரியில்லை என்றார். அந்தத் தொண்டை அப்புறம் சரியாகவே இல்லை. என் மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, கணக்கில் நிறைய மார்க் வாங்கிக் காட்டினேன். அப்படித்தான் கடைசியில் வங்கியில் போய் உட்கார்ந்தேன்.

அப்பாவின் அடக்கத்தன்று, நீ வேன் விஷயமாக அலைந்துகொண்டிருந்தபோது, அவரோடு எஞ்சினில் உதவியாளராக இருந்த பழனியப்பன் அங்கிள் என்னிடம் வந்தார். அப்பா வந்து குளித்துத் தேநீர் குடித்த அந்த நாளில், அவர் எஞ்சினில் ஒருவர் அடிபட்டிருக்கிறார். "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உங்கப்பா இறங்கிப் போய் அந்தாள் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு மா. டிப்போல யாரும் அவர ஒன்னும் கேக்கல. நானும் கேக்கல. கேட்டா அழுதுடுவாரோன்னு பயம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் மறுபடியும் படிக்கப் போனேன். சேவை, ஆர்வம் என்றெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில், கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் அழுதால் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த ஆளாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சந்தோஷமாகவே இருக்கிறேன் அண்ணா. நீயும் எஞ்சின் ஏறிவிட்டாய் என்பதால்தான் உன்னிடம் இதைச் சொல்லாமல் இருந்தேன். பயமுறுத்த மனம் வரவில்லை.

வியாழக்கிழமை நீயே போ. என்ன பேசினாய் என்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்கவிட மாட்டேன். ஒன்றே ஒன்று. அந்த விபத்து நடந்ததிலிருந்து நீ என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாய். "தேங்க்ஸ் மா", "பரவாயில்ல மா" என்கிறாய். என் மூக்கைக் கிண்டல் செய்து ஊர் முழுக்க எனக்கு மூக்கி என்று பேர் வைத்தவன் நீ. அதற்காக எத்தனை நாள் அழுது உனக்கு அம்மாவிடம் அடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த மரியாதை எனக்கு வேண்டாம். என்னால் தாங்க முடியவில்லை.

ஆண்டவர் உன்னோடு அந்த அறைக்குள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும். போய்விட்டு வா அண்ணா. வந்து என்னைத் திட்டு.

இப்படிக்கு,
உன்
மூக்கி