இரண்டு உருளைகளுக்கு நடுவே

1938 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. திண்டிவனம்.

பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் புறப்படும் டாக்டர் துரைசானியம்மாளின் சாமான்கள் இன்று ஏலம் போயின. நாற்காலிக்கும் கண்ணாடி அலமாரிக்கும் போட்டி இருந்தது. துணி துவைக்கும் யந்திரத்துக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

மாலை ஐந்தேகாலுக்கு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. மரத்தொட்டி, உள்ளே துணியைப் புரட்டும் துடுப்பு, அதை ஆட்ட வெளியே ஒரு தண்டு. தொட்டியின் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள், அவற்றைச் சுற்ற ஒரு கைப்பிடி. ஈரத் துணியை நடுவே கொடுத்துச் சுற்றினால் நீர் தொட்டியிலேயே வடிந்து, துணி மறுபுறம் தகடாக வருமாம்.

என் மனைவி கோவிந்தம்மாள் கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கரும்பு ஆலையா?"

பிப்ரவரி 8, செவ்வாய்.

வாங்கிய காரணத்தை எழுதிவைப்பது முறை.

சென்ற அக்டோபர் 24, ஞாயிறு காலை ஏழு மணியளவில் என் மனைவிக்குப் பாரிசவாயு கண்டது. பேச்சு மீண்டது. கால் பாதி மீண்டது. வலது கை மீளவில்லை. கிள்ளினாலும் அதற்குத் தெரிவதில்லை. விரிப்பையும் புடவையையும் தினமும் மாற்றவேண்டியிருக்கிறது. சலவைக்குப் பெரியசாமி வருவது பதினைந்து நாளைக்கு ஒருமுறை. அந்தத் துணிகளை அவரிடம் போடவும் அவள் சம்மதிப்பதில்லை. "என் அசிங்கம் இந்த வூட்டோட இருக்கட்டும்" என்கிறாள். கல்லில் அடித்துத் துவைக்க என் அறுபத்தெட்டு வயது முதுகு இடம் கொடுப்பதில்லை.

விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் மகள் விசாலாட்சி பொங்கலுக்கு வந்திருந்தபோது, கொல்லையில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன்னால ஆவாது நைனா. பங்குனி முடியறதுக்குள்ள அம்மாவ நான் இட்டுக்கினு போயிடறேன்."

மருமகன் வீட்டில் நான் போய்த் தங்குவது வழக்கமல்ல. போவதானால் அவள் மட்டும்தான் போவாள். நாற்பத்தாறு வருஷங்களுக்குப் பிறகு, அந்தக் கட்டில் இல்லாத வீட்டில் நான் யாரிடம் போய் மணி என்ன ஆயிற்று என்று சொல்வேன்?

பிப்ரவரி 10, வியாழன்.

அவமானம். வேட்டியைத் துவைத்து, வழக்கப்படி சோற்றுக்கஞ்சியில் நனைத்து, பிறகு உருளையில் கொடுத்தேன். கால் சுற்றுக்குமேல் நகரவில்லை. இரண்டு உருளைகளும் ஒட்டிக்கொண்டன. வேட்டி நடுவே நாக்குப்போலத் தொங்கியது.

துரைசானியம்மாள் வீட்டில் பதினோரு வருஷம் சமையல் செய்த லூர்துமேரியை அழைத்துவந்தேன். கோவில் தெருமுனையில்தான் வீடு. பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மிஷினுக்கா கஞ்சி ஊத்தினீங்க? அதுக்கு இன்னா, ஜுரமாங்கய்யா?"

உள்ளேயிருந்து கோவிந்தம்மாள் சிரிக்கும் சத்தம். அக்டோபருக்குப் பிறகு இதுவே முதல் தடவை. ஆகவே நான் கோபித்துக்கொள்ளவில்லை. பிழிந்த பின்பே கஞ்சி. பொத்தான்களை உட்புறம் மடிக்கவேண்டும். வேலை முடிந்ததும் உருளைகளை இறுக்கும் மேல் திருகைத் தளர்த்திவிடவேண்டும். மூன்றையும் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 21, திங்கள்.

பதினோரு நாளாகத் தவறவில்லை. காலை ஆறரைக்கு வெந்நீர், சவுக்காரம், நூற்றிருபது ஆட்டு. ஏழே காலுக்குப் பிழிதல்.

இதைப் பற்றி யாரிடமும் சொல்ல இயலாது, ஆதலால் இங்கே. தண்டை ஆட்டும்போது தொட்டிக்குள் நீர் போவதும் வருவதுமாக ஒரு சத்தம். ஐம்பதாவது ஆட்டுக்குமேல் எண்ணுவது நானா, வேறு யாராவதா என்று தெரிவதில்லை. நுரையின்மேல் வேப்பிலைச் சருகு ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது. பிறகு உருளை. கசங்கி உருண்டையாய் உள்ளே போகும் புடவை, மறுபக்கம் ஒரு மடிப்பும் இன்றி, மெல்ல, யாரோ சொல்லச் சொல்ல எழுதிய வரிபோல வெளியே வருகிறது. பச்சைப் புடவையானால் வயல் வருகிறது. நீலமானால் கடல். நான் சுற்றுகிறேன், ஊர் ஊராக வந்துகொண்டே இருக்கிறது.

கோவிந்தம்மாளைத் தாங்கி நடத்திவந்து, கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவள் பிறந்த ஊர் மரக்காணம். வெள்ளை விரிப்பு உருளையைவிட்டு இறங்குவதை வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"எங்கூரு உப்பு வயலு மாரியே வருதுங்க" என்றாள்.

மார்ச் 14, திங்கள்.

விசாலாட்சியின் கார்டு. ஏப்ரல் 3, ஞாயிறு காலை ரயிலில் வருகிறாளாம். அம்மாவின் துணிமணிகளை மூட்டை கட்டி வைக்கவேண்டுமாம். அவள் எழுத்தில் தேதி மட்டும் திருத்தமாக இருக்கிறது. அது என்னிடமிருந்து போனது.

மார்ச் 16, புதன்.

மூட்டை கட்டவில்லை.

மார்ச் 28, திங்கள்.

இன்று நடந்ததை எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சில நாட்களாகத் துணியை உருளைக்கு எடுத்துக்கொடுப்பது கோவிந்தம்மாள்தான், இடது கையால். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. இன்று நீலப் புடவை. இருவர் சேர்ந்து புடவை முறுக்கும்போது பெண்கள் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்வார்களே, அந்தப் பழக்கத்தில், துணி மண்ணில் விழாமலிருக்க, செத்துக் கிடந்த வலது கையில் அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. மறுபக்கம் வந்துகொண்டிருந்த நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றினேன். இன்னும் சுற்றினேன். கைப்பிடி சற்றே கனத்தது, அப்போதும் சுற்றினேன். பாவி, என்னாத்தப் பார்த்துக்கினு இருந்தேன் நான்?

"ஐயோ, வலிக்குதுங்க! வுடுங்க!"

பின்னோக்கிச் சுற்றி எடுத்தேன். நான்கு விரல்கள், இரண்டாம் கணுவரை. எலும்பு முறியவில்லை. தோல் நசுங்கிச் சிவந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றும் எழுதவேண்டும்.

அவள் அழவில்லை. அந்தக் கையைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ஏங்க... வலிக்குதுங்க" என்றாள், ஒரு சேதி சொல்வதுபோல.

மார்ச் 29, செவ்வாய்.

வைத்தியர் வந்து ஊசியால் தொட்டுப் பார்த்தார். மூன்று விரல்களில் உணர்வு இருக்கிறது. எப்போது மீண்டது என்று தெரியாது; சில வாரங்களாகவே இருந்திருக்கலாம், தெரியவந்தது நேற்று என்றார். இந்தக் கை இனி வேலைக்கு உதவுமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். உதவாது என்று அவர் சொல்லவில்லை.

யந்திரத்தின்மீது சாக்கைப் போட்டு மூடினேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு.

எட்டரைக்கு விசாலாட்சி வந்தாள். அம்மாவின் விரல்களில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"எங்கம்மாவக் கொன்னுடுவியா நைனா? ஜல்தி மூட்டையக் கட்டு. பதினோரு மணி வண்டிக்கே போறோம்."

பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன். நான்காவது புடவையின்போது கோவிந்தம்மாள் மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடி. இந்த வெரல அமுக்கு."

"சும்மா இரும்மா."

"அமுக்குடின்னா."

விசாலாட்சி அமுக்கினாள். "ஸ்ஸ், ஆ!" என்று கோவிந்தம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். தானே இழுத்துக்கொண்டாள்! இழுத்துக்கொண்டு சிரித்தாள். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விம்மிவிட்டாள்.

"இந்த வூட்ல வந்த வலிடி இது. இங்கியே இருந்து பாக்கறேன். துணி எடுத்துக் குடுக்கறதுக்கு உன் வூட்ல இன்னா இருக்குது எனக்கு? மேல மச்சப் பாத்துக்கினு படுத்திருக்கணும்."

சேதி கேட்டு வந்து வாசற்படியில் நின்றிருந்த லூர்துமேரி குறுக்கே புகுந்தாள். "நான் தெனம் காலையில வந்து நிக்கறேம்மா. கைப்பிடி எங்கிட்ட இருக்கட்டும். ஐயா அந்தாண்ட நின்னுக்கினு கனாக் கண்டா போதும்."

தன் துணியை வேற்றுக் கை தொடுவதற்குக் கோவிந்தம்மாள் என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். "வா லூர்து" என்றாள்.

விசாலாட்சி ஆடி வரையில் தவணை தந்திருக்கிறாள். மாலை வண்டியில் தனியே திரும்பினாள்.

ஏப்ரல் 21, வியாழன்.

இன்று பகல் பன்னிரண்டு நாற்பதுக்குக் கோவிந்தம்மாள் மோர்ச்சோற்றை வலது கையால் எடுத்து உண்டாள். மூன்று கவளம். வாய்க்குப் போனது பாதி. மீதி மார்பெல்லாம் சிந்தியது. புடவையை மாற்றினோம்.

நாளைக்குத் துவைக்க ஒன்று கூடியிருக்கிறது.